எரியாத விளக்கு எதற்குச் சாட்சி?

பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனின் டாஷ்போர்டில் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கி ஆல்டர்நேட்டர் மின்சாரம் தர ஆரம்பித்ததும் அணைய வேண்டும். ஓடும் வண்டியில் அது எரிந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். இது ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததோடு இன்னொன்றையும் அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள்: விளக்கு எரியவில்லை, ஆகவே எல்லாம் சரி.

அந்தச் சிறு பல்பு செய்தி சொல்வதற்கு மட்டும் அங்கே இல்லை. ஆல்டர்நேட்டருக்குள் சுழல்வது ஒரு மின்காந்தம். அது முதலில் உயிர்பெற வெளியிலிருந்து கொஞ்சம் மின்னோட்டம் வேண்டும். பேட்டரியிலிருந்து புறப்பட்டு, சாவியைத் தாண்டி, இந்தப் பல்பின் இழை வழியாகத்தான் அந்த மின்னோட்டம் போகிறது. இழை அறுந்துவிட்டால் விளக்கும் எரியாது. பெரும்பாலும் ஆல்டர்நேட்டரும் வேலை தொடங்காது. ஓட்டுநரின் கண்ணுக்கு எச்சரிக்கை ஏதும் இல்லை. வண்டி பேட்டரியின் இருப்பைத் தின்றுகொண்டே நூறு கிலோமீட்டர் போகும். இரவாகி முகப்பு விளக்குகளைப் போட்டதும் அவை மங்கும்; பிறகு எஞ்சினே நின்றுவிடும்.

ஆக, அணைந்த விளக்குக்கு நேரெதிரான இரண்டு பொருள்கள் உண்டு: கோளாறு இல்லை என்பது ஒன்று, கோளாறைச் சொல்ல ஆள் இல்லை என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறிய அனுபவமுள்ள மெக்கானிக் செய்வது எளிய காரியம். எஞ்சினைக் கிளப்பும் முன், சாவியை மட்டும் திருப்பி, விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். எரிய வேண்டிய நேரத்தில் எரிந்த விளக்கு பின்னர் அணைந்தால் மட்டுமே அந்த அணைவு அவருக்குச் சாட்சி.

‘இல்லை’ என்பதை மனிதன் எப்படி அறிகிறான், எப்போது அப்படிச் சொல்லும் உரிமை அவனுக்கு வருகிறது என்ற கேள்வி இந்தியத் தத்துவ மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விவாதிக்கப்பட்டது. தரையில் குடம் இல்லை. கண் தரையைப் பார்க்கிறது. குடத்தின் இன்மையையும் கண்ணேதான் பார்க்கிறதா? 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சகர் குமாரிலபட்டர் தம் சுலோகவார்த்திகத்தில், இன்மையை அறிவதற்கென்றே தனி அளவை, அதாவது தனி அறியும் வழி, ஒன்று உண்டு என்று நிறுவினார். காணப்படாமையே அந்த அளவை; அனுபலப்தி என்று அதற்குப் பெயர். அதே மீமாம்சையின் மற்றொரு கிளையான பிரபாகரர் வழியினர் இதை மறுத்தார்கள். வெறுந்தரைக்கு மேல் ‘இன்மை’ என்று தனிப் பொருள் ஏதும் கிடையாது என்றார்கள். நியாய மரபினரான நையாயிகர்களுக்கோ இன்மை உண்மையான பொருள்; புலனாலேயே அது அறியப்படுகிறது. பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்தின் ஒரு வகையாக்கினார்.

தமிழ் நூல்களும் இந்த விவாதத்துக்கு வெளியே நிற்கவில்லை. வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக்கணக்கர்களைக் கேள்வி கேட்கும் காதையில், அளவைவாதி எண்ணிச் சொல்லும் பத்து அளவைகளில் அபாவமும், அதாவது இன்மையும், ஒன்று. 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதே பட்டியலை எடுத்துக்கொண்டு, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்.

அளவை எத்தனை என்பதில் இவர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரு நிபந்தனையை, எதிரெதிர் முகாம்களில் நின்றவர்களும் சேர்ந்தே வற்புறுத்தினார்கள். காணப்படவில்லை என்பதால் மட்டும் ஒரு பொருள் இல்லை என்றாகிவிடாது. அது அங்கே இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலை முதலில் வேண்டும். இந்தத் தகுதியை ‘யோக்யதை’ என்றார்கள். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த 17ஆம் நூற்றாண்டு அத்வைதி தர்மராஜ அத்வரீந்திரர் வேதாந்த பரிபாஷையில் இதைத் தெளிவாக வரையறுக்கிறார். நல்ல வெளிச்சத்தில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டில் தென்படாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பழைய கேம்பர் வேனின் வயரிங்கோடு மல்லுக்கட்டுகிறவர்கள் தினமும் கையாள்வது இந்த நிபந்தனையைத்தான். ‘டைப் 2’ என்று பெயர்பெற்ற இந்த வண்டி 1950இல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் உற்பத்திக்கு வந்தது. 1956இல் ஹனோவருக்கு இடம்பெயர்ந்தது. உள்ளே கட்டில், அலமாரி, அடுப்பு வைத்து வீடாக்கும் வேலையை வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951இலேயே தொடங்கிவிட்டது. 1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் உருவான இரண்டாம் தலைமுறை வண்டிகள் இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாலையில் ஓடுகின்றன. அவற்றின் வயர்களுக்கு இப்போது வயது ஐம்பதை ஒட்டி இருக்கிறது.

வயரிங்கில் ஒழுங்கு இல்லாமல் இல்லை. பழுப்பு வயர் என்றால் எர்த். சிவப்பு, பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வரும் வயர். கறுப்பு, சாவியைத் திருப்பிய பின் உயிர்பெறுவது. டெர்மினல்களுக்கும் டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரப்படி எண்கள் உண்டு: 30 என்றால் பேட்டரி, 15 என்றால் சாவிக்குப் பிறகு, 31 என்றால் எர்த், 50 என்றால் ஸ்டார்ட்டர். ஒழுங்கைக் குலைப்பது காலமும் கைமாறிய உரிமையாளர்களும்தான். ஒருவர் ரேடியோ மாட்டியிருப்பார். அடுத்தவர் குளிர்பெட்டிக்கென இரண்டாவது பேட்டரி வைத்திருப்பார். இன்னொருவர் அறுந்த இடத்தில் கையில் கிடைத்த வயரை எந்த நிறம் என்று பாராமல் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஃபியூஸ் உட்காரும் பித்தளைத் தகடுகள் மங்கியிருக்கும்.

இங்கே முதல் ஏமாற்றம் மல்டிமீட்டரிடமிருந்து வருகிறது. பின்விளக்கு எரியவில்லை. பல்பைக் கழற்றி, சாக்கெட்டில் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. மின்சாரம் வந்து சேர்கிறது, வயரில் பழுதில்லை என்று முடிவுகட்டிப் புதுப் பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். எரிவதில்லை. நடந்தது என்னவென்றால், வழியில் எங்கோ களிம்பேறிய ஒரு இணைப்பு 1,000 ஓம் தடையாக நிற்கிறது. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 1 கோடி ஓம் அளவு. அவ்வளவு பெரிய தடை வழியாக மின்னோட்டம் அநேகமாக ஓடுவதே இல்லை. ஓடாத மின்னோட்டத்துக்கு 1,000 ஓம் ஒரு பொருட்டில்லை. இழப்பு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே இடத்தில் 21 வாட் பல்பைப் போட்டால் கதை வேறு. எரியும்போது அதன் தடை 7 ஓம்தான். 12.6 வோல்ட்டில் ஏறக்குறைய முழுவதையும் களிம்பே விழுங்கிவிட, பல்புக்குக் கிடைப்பது 0.1 வோல்ட்கூட இல்லை.

மீட்டர் பொய் சொல்லவில்லை. இணைப்பில் பழுது இருந்தால் அதைக் காட்டக்கூடிய நிலையில் அது வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். பழுது காணப்படாமை அங்கே இருட்டில் குடம் காணப்படாமைக்குச் சமம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் விளக்கையோ மோட்டாரையோ ஓடவிட்டு, மின்னோட்டம் பாயும்போதே ஒவ்வொரு இணைப்பின் இரு புறமும் மீட்டர் முனைகளை வைத்து எவ்வளவு வோல்ட் இழப்பாகிறது என்று அளக்கிறார்கள். சுமை ஏறும்போது மட்டுமே அந்தப் பழுது புலனாகும் பொருளாகிறது.

இந்த வண்டிகளின் பெயர்போன நோய் ஒன்று இதை இன்னும் நன்றாகக் காட்டும். காலையில் ஒரே திருப்பில் கிளம்பும் வண்டி, நெடுந்தூரம் ஓடி எஞ்சின் சூடேறி நின்ற பின் மறுபடி கிளம்ப மறுக்கும். சாவியைத் திருப்பினால் ஓசையே இருக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். பலர் ஸ்டார்ட்டரையே மாற்றிவிடுகிறார்கள். எஞ்சினும் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் வண்டியின் பின்பக்கம், சாவியோ முன்பக்கம். பின்னாலுள்ள பேட்டரியிலிருந்து மின்சாரம் முன்னால் சாவி வரை வந்து, மறுபடி பின்னால் போய்த்தான் ஸ்டார்ட்டரின் சோலினாய்டை இழுக்கிறது. வண்டியின் நீளம் நாலரை மீட்டர். மின்சாரத்துக்கு அது போக்குவரவு. சோலினாய்டு இழுக்கும் நொடியில் 30 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், வழியிலுள்ள இணைப்புகளும் சாவியின் தேய்ந்த முனைகளும் சேர்ந்து 0.1 ஓம் தடை தந்தாலே 3 வோல்ட் போய்விடும். செம்பின் தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் 0.4 சதவீதம் ஏறும் என்பதால், 60 பாகை சூடேறிய சோலினாய்டுச் சுருளின் தடையும் கால் பங்கு கூடியிருக்கும். குளிர்ந்தபோது போதுமாயிருந்த மிச்சம் சூட்டில் போதாமல் போகிறது. ஸ்டார்ட்டருக்கு அருகிலேயே ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தால் நோய் தீர்ந்துவிடுவது வழக்கம்.

இங்கே பழுது எந்த ஒரு பொருளிலும் இல்லை. பத்து இணைப்புகளில் ஒவ்வொன்றும் 0.01 ஓம். தனித்தனியே சோதித்தால் ஒவ்வொன்றும் நலம். சாதாரண மீட்டரின் சோதனை வயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. ஆறிய வண்டியில், ஓடாத மின்னோட்டத்தில், ஒவ்வொன்றாகத் தேடி ‘பழுது இல்லை’ என்று சொன்னவர், பழுதைக் காண முடியாத இடத்தில் நின்று பேசியிருக்கிறார்.

தேடும் கருவியின் தகுதியையும் தனியே நிரூபிக்க வேண்டும். முகாம் திடல்களில் கேம்பர் வேனுக்கு வெளியிலிருந்து 230 வோல்ட் இணைப்பு கொடுப்பது ஐரோப்பிய வழக்கம். அந்த வயரில் கை வைக்கும் முன் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்ய, பயிற்சி பெற்ற எலெக்ட்ரீஷியன்கள் மூன்று படி வைத்திருக்கிறார்கள். மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு மூலத்தில் சோதனைக் கருவியை முதலில் வைத்து, அது காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு வேலை செய்ய வேண்டிய வயரில் வைக்கிறார்கள். பிறகு மறுபடியும் முதல் மூலத்துக்கே போய், இடையில் கருவி செத்துவிடவில்லை என்று உறுதி செய்கிறார்கள். நடுப்படியின் ‘இல்லை’க்கு உயிர் கொடுப்பவை முன்னும் பின்னும் உள்ள இரண்டு ‘உண்டு’கள். வேதாந்த பரிபாஷை கேட்ட வெளிச்சம் இதுதான். இங்கே அதைத் தவறவிடுகிறவர் உயிரையே விடக்கூடும்.

நையாயிகர்கள் இன்னொரு கூர்மையையும் சேர்த்தார்கள். இன்மை என்பது எப்போதும் ஏதோ ஒன்றின் இன்மை. அந்த ஒன்றை, பிரதியோகியை, அறியாதவனுக்கு அதன் இன்மை புலப்படாது. இந்த வண்டிகளில் கியர்பாக்ஸையும் வண்டியின் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று உண்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருப்பதால், ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்ப இந்தப் பட்டையே வழி. ஏதோ ஒரு பழுதுபார்ப்பில் அதைக் கழற்றியவர் திரும்ப மாட்ட மறந்துபோனால், மின்னோட்டம் கிளட்ச் கேபிளையோ ஆக்ஸிலரேட்டர் கேபிளையோ தன் வழியாக்கிக்கொள்ளக்கூடும், கேபிள் சூடேறும். பட்டை அங்கே இருக்க வேண்டும் என்று தெரியாதவர் வண்டிக்கடியில் படுத்து ஒரு மணி நேரம் பார்த்தாலும் குறை எதுவும் தென்படாது. தெரிந்தவருக்கு ஒரு பார்வை போதும். குமாரிலபட்டர் சொல்லும் ஒரு நிலையும் இங்கே பொருந்துகிறது: ஓரிடத்தை வெறுமனே பார்த்துவிட்டு வந்தவனிடம், அங்கே இன்னது இருந்ததா என்று பின்னர் யாராவது கேட்டால், கேட்ட அந்த நொடியில்தான் ‘இருக்கவில்லை’ என்ற அறிவு அவனுக்குப் பிறக்கிறது.

இன்மையிலும் வகை உண்டு என்று தருக்க நூல்கள் சொல்வது வறட்டுப் பாகுபாடாகத் தோன்றலாம். தருக்க சங்கிரகத்தை 18ஆம் நூற்றாண்டில் தமிழுக்குக் கொண்டுவந்த சிவஞான முனிவர் வழியாகத் தமிழ் மாணவர்கள் அந்தப் பாகுபாட்டைப் படித்தார்கள். தோன்றுவதற்கு முன் இல்லாதிருப்பது ஒன்று. இருந்து அழிந்துபோனது வேறு. வேனுக்கடியில் இந்த வேறுபாடு பொழுதையும் பணத்தையும் காக்கிறது. வரைபடத்தில் பின்கண்ணாடிச் சூடேற்றிக்கு ஒரு வயர் இருக்கிறது, வண்டியில் இல்லை. அறுந்து தொலைந்ததா, அந்த வசதி இல்லாமலே ஆலையை விட்டு வந்த வண்டியா? முதலாவதென்றால் எங்கோ மின்சாரத்தோடு தொங்கும் ஒரு முனை தகரத்தை உரசிக்கொண்டிருக்கலாம், அதைத் தேடியாக வேண்டும். இரண்டாவதென்றால் தேட ஒன்றுமே இல்லை.

மணிமேகலையின் அளவைப் பட்டியலில் ‘மீட்சி’ என்றும் ஒன்று வருகிறது. இராமன் வென்றான் என்று கேட்டதும் இராவணன் தோற்றான் என்று அறிவது அதற்கு அங்கே தரப்படும் எடுத்துக்காட்டு. பேட்டரி இரவோடு இரவாக வடிந்துபோகும் வண்டியில் மெக்கானிக் இதைத்தான் நம்புகிறார். எதிர்முனை வயரைக் கழற்றி, இடையில் ஆம்பியர் மீட்டரை வைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். 0.5 ஆம்பியர் கசிந்தால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாள்கூடத் தாங்காது. எந்த ஃபியூஸைப் பிடுங்கியதும் கசிவு நிற்கிறதோ, அந்தச் சுற்றில் பழுது. சில வண்டிகளில் எல்லா ஃபியூஸையும் பிடுங்கிய பிறகும் முள் இறங்குவதில்லை. காரணம், ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் தடித்த வயர் ஃபியூஸ் வழியாகப் போவதே இல்லை. ஆல்டர்நேட்டருக்குள் டயோடு ஒன்று கெட்டுக் கசிந்தால் ஃபியூஸ் பெட்டிக்குத் தெரியாது. போர்க்களத்தில் இருவர் மட்டும் நிற்கும்போது ஒருவரின் வெற்றி மற்றவரின் தோல்வி. மூன்றாமவர் ஒருவர் நிற்கிறாரா என்று எண்ணிப் பார்க்காதவரை விலக்கிப் பெறும் முடிவு செல்லாது.

இன்மை பற்றிய இதே விவாதத்தை வைத்துத்தான் இந்தியாவில் கடவுள் உண்டா என்ற வழக்கு நடந்தது. மிதிலையைச் சேர்ந்த உதயனர், 10-11ஆம் நூற்றாண்டுகளில், ஈசுவரனை நிறுவ நியாயகுசுமாஞ்சலி எழுதினார். ஐந்து கொத்துகளாக அமைந்த அந்நூலின் மூன்றாம் கொத்து, கடவுள் காணப்படவில்லை, ஆகவே இல்லை என்னும் வாதத்தை எடுத்துக்கொள்கிறது. காணத்தகாத பொருள் காணப்படாமை எதையும் மறுக்காது என்பது உதயனரின் விடை. அப்படியானால் முயற்கொம்பையும் மறுக்க முடியாதே என்று எதிராளி மடக்குகிறார். கொம்பு என்பது இயல்பிலேயே கண்ணுக்குத் தெரியும் பொருள். முயலுக்கு அது இருந்திருந்தால் தெரிந்திருக்கும். ஆகவே அதை மறுக்கலாம் என்கிறார் உதயனர். கண்ட பொருளே உண்டு என்று பேசும் சார்வாகனுக்கும் அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது: வீட்டை விட்டு வெளியே வந்ததும் மனைவி மக்கள் கண்ணில் படவில்லையே, அவர்கள் இல்லாமல் போனார்கள் என்று அழ வேண்டாமா?

கடவுளை ஏற்காத பௌத்தத்தின் பெரும் தருக்கவாதியான தர்மகீர்த்தியும் இதே நிபந்தனையை உதயனருக்கு முந்நூறு ஆண்டு முன்பே வைத்திருந்தார். காணத்தக்க பொருள் காணப்படாமை மட்டுமே இன்மையை நிறுவும். இடத்தாலோ காலத்தாலோ இயல்பாலோ எட்டாத பொருள் விஷயத்தில் காணப்படாமை தருவது ஐயம் மட்டுமே. ஈசுவரன் உண்டென்றவரும் மறுத்தவரும் ஒரே சோதனை விதியை ஏற்றுக்கொண்டு வாதிட்டார்கள் என்பது இந்தியச் சிந்தனை வரலாற்றில் பெருமைப்பட வேண்டிய செய்தி.

இந்த மரபைத் தொடாமலே ஆங்கிலம் பேசும் உலகின் சமயத் தத்துவமும் இருபதாம் நூற்றாண்டில் அதே வாசலுக்கு வந்து சேர்ந்தது. 1979இல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ரோ ஒரு மான்குட்டியைப் பற்றி எழுதினார். யாரும் இல்லாத காட்டில் மின்னல் விழுந்து தீப்பிடிக்கிறது. மான்குட்டி வெந்து, நாள்கணக்கில் துடித்துச் சாகிறது. அந்த வேதனையை நியாயப்படுத்தும் நன்மை எதுவும் தென்படவில்லை. ஆகவே அப்படி ஒன்று இல்லை என்று நம்புவதே அறிவுக்கு இசைந்தது என்றார் ரோ. 1984இல் ஸ்டீஃபன் விக்ஸ்ட்ரா எதிர்த்தார்: அப்படியொரு நன்மை இருந்திருந்தால் மனித அறிவுக்குத் தென்பட்டிருக்கும் என்று முதலில் காட்டுங்கள். 1993இல் கனடாவின் ஜே. எல். ஷெல்லன்பெர்க் வேறு முனையிலிருந்து தொடுத்தார். அன்பே வடிவான கடவுள் இருந்தால், உறவுக்குத் திறந்த மனத்தோடு நிற்பவருக்கு அவர் தம்மை அறியத்தருவார். ஆகவே கடவுள் விஷயத்தில் காணத்தக்க நிலை இருக்கத்தான் செய்கிறது. அப்படித் திறந்து நின்றும் காணாதவர்கள் இருப்பது கடவுளின் இன்மைக்குச் சான்று. உதயனர் உயிரோடு இருந்திருந்தால் இந்த வாதத்தை உடனே அடையாளம் கண்டிருப்பார். ஷெல்லன்பெர்க் யோக்யதை நிபந்தனையை மறுக்கவில்லை. அது நிறைவேறிவிட்டது என்கிறார்.

இந்த நிபந்தனையை நம்பிக்கையாளர்கள் தங்களுக்கு வசதியான ஒரு மறைவிடமாக்கிக்கொள்ள முடியும். கடவுள் எந்த வகையிலும் புலப்படாதவர், ஆகவே எந்தக் காணாமையும் எங்களைத் தொடாது என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னவர், குடும்பத்தில் ஒருவர் நோயிலிருந்து எழுந்ததும் ‘பார்த்தீர்களா, அவன் அருள்’ என்று சொல்லும் உரிமையைக் கைவிட்டாக வேண்டும். நோய் குணமானதை அருளின் அறிகுறியாக வாசிப்பவர், அருள் இந்த உலகில் தென்படக்கூடிய ஒன்று என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். ஏற்றுக்கொண்ட பிறகு, பக்கத்துப் படுக்கையில் குணமாகாமல் இறந்துபோன குழந்தையையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். எரிந்தால் செய்தி, எரியாவிட்டால் விளக்குக்கு அந்த வேலை இல்லை என்று இரண்டு கணக்கு வைக்க முடியாது. மறுப்பவருக்கும் இதே கண்டிப்பு உண்டு. தொலைநோக்கியில் தென்படவில்லை, ஆய்வுக்கூடத்தில் தென்படவில்லை என்பவர், கடவுள் என்று மக்கள் எதைச் சொல்கிறார்களோ அது அங்கே தென்படக்கூடிய பொருள்தானா என்று முதலில் காட்டக் கடமைப்பட்டவர்.

காணாமை ஐயத்தையே தருகிறது என்பதால் கைகட்டி உட்கார்ந்துவிடவும் முடியாது. கேம்பர் வேனில் உறங்குகிறவர்கள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். அடுப்போ ஹீட்டரோ சரியாக எரியாதபோது உண்டாகும் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மனிதப் புலனுக்குக் காணத்தகாத பொருள். அலாரம்தான் அதைக் காணத்தக்கதாக்குகிறது. ஆனால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் வரும் ஒலி பல கருவிகளில் மின்சுற்றும் ஒலிப்பானும் நலம் என்பதை மட்டுமே சொல்கிறது. வாயுவை உணரும் உறுப்பு ஆண்டுகள் போகப் போகச் செயலிழக்கும். பொத்தானுக்கு அது தெரியாது. காலாவதித் தேதி தாண்டிய அலாரத்தின் மௌனத்தில் உறங்குவது எவ்வளவு பெரிய பந்தயம் என்று அறிந்தவர்கள் ஐயம் தீரும்வரை காத்திருப்பதில்லை. கருவியை மாற்றுகிறார்கள், காற்றுவழியைத் திறந்து வைக்கிறார்கள், உறங்கும் முன் ஹீட்டரை அணைக்கிறார்கள். ஐயம் தீராதபோது, தவறினால் யாருக்கு என்ன இழப்பு என்பதைப் பார்த்து நடக்கிறார்கள்.

சமய வாழ்வில் இந்தக் கேள்வி மிகக் கூராக எழுவது வாதமேடையில் அல்ல, துக்க வீட்டில். 1997இல் மறைந்த அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. கல்கத்தாவில் ஏழைகளுக்கான பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறத்தாழ 50 ஆண்டுகள், இடையே சிறிதுகாலம் தவிர, கடவுளின் இருப்பை அவர் உள்ளத்தில் உணரவேயில்லை என்று அவை காட்டின. உடனே இரண்டு தரப்பிலிருந்தும் தீர்ப்புகள் வந்தன. நாத்திகர் சிலர், உள்ளே யாரும் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார்கள். பக்தர் சிலர், இது மாபெரும் ஞானியருக்கு வாய்க்கும் இருண்ட இரவு, நெருக்கத்தின் அடையாளம் என்றார்கள். அவரைப் போன்ற ஒருவருக்குக் கடவுள் எந்த நிலையில் தென்பட்டிருக்க வேண்டும் என்பதை இரு தரப்பும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. கடிதம் கைக்கு வந்த பிறகு, வேண்டிய பொருளை அதில் ஏற்றினார்கள்.

பெயர் தெரியாத ஆயிரம் பேருக்கும் இதுவே நடக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், ‘இத்தனை நாள் கும்பிட்டேன், ஒரு பதிலும் இல்லையே’ என்று அழுகிறாள். ‘உன் பக்தியில் குறை இருக்கிறது’ என்று ஒருவர் சொல்கிறார். அவளுக்குள் பழுது என்று சோதிக்காமலே முடிவுகட்டிவிடுகிறார். ‘கேட்க அங்கே யாரும் இல்லை’ என்று இன்னொருவர் சொல்கிறார்; மறுமுனையில் பழுது என்பது அவருடைய முடிவு. இரண்டும் மீட்டரைத் தொடாமலே ஸ்டார்ட்டரை மாற்றுகிற வேலை. அந்தத் தாய்க்கு முதலில் செய்ய வேண்டிய மரியாதை, அவள் சொன்ன ‘இல்லை’யை ஓர் அறிவாக ஏற்பது. குமாரிலபட்டர் அனுபலப்தியை அறியாமையின் பக்கம் தள்ளாமல் அளவைகளின் வரிசையில் உட்காரவைத்தார். எங்கே தேடினாள், எதை எதிர்பார்த்தாள், எந்தப் பதில் வந்திருந்தால் அதைப் பதிலென்று ஏற்றிருப்பாள் என்று அவளிடம் கேட்டு, அவள் சொல்வதை முழுவதும் கேட்டுக்கொள்ள ஒருவருக்குப் பொறுமை இருந்தால், பூசாரியானாலும் நாத்திகரானாலும் அவரே அந்த வீட்டுத் திண்ணையில் உட்காரத் தகுதியுள்ளவர்.